ஈகியர்க்குக் கட்டடம் உண்டு. பெயர்ப் பட்டி எங்கே?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் நிறைந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தறியை நிறுத்திவிட்டு வந்து அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவர் கேட்கக்கூடிய வினாவிலிருந்தே இப்பொருளைத் தொடங்குவது முறையாகும். "பட்டுநூல் வாங்கினாலும் வரி, சரிகை வாங்கினாலும் வரி. அந்த வரியை எடுத்து, என்றோ மாண்டவர்களுக்கு நினைவகம் கட்டுவானேன்? உயிரோடிருப்பவன் உலைக்கு அரிசி எங்கே?" என்பதே அவ்வினா. இதில் குற்றமேதும் இல்லை. பொதுப்பணம் என்பது அமைச்சர் வீட்டுப் பணமன்று. நூல் நனைத்தவனும் பாவு தோய்த்தவனும் கட்டிய பணம். அதைக் கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால், அவ்வினாவுக்கு விடை கூறுமுன், அப்பணம் இதுவரை எங்கெங்குச் சென்றது என்பதை அவன் பார்த்துவிட வேண்டும்.

சென்னைக் கிண்டிக்குச் செல்வோர் காந்தி மண்டப வளாகத்தைக் காணலாம். அங்கே இராசகோபாலாச்சாரியார்க்கு நினைவகம் உண்டு. 1938-இல் பள்ளிகளிற் கட்டாய இந்தியைப் புகுத்திய முதலமைச்சர் அவர். அவர் ஆட்சியில் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அதே வளாகத்தில் பத்தவச்சலனார்க்கும் நினைவகம் உண்டு. 1965-இல் மாணவர்மீது துப்பாக்கிகள் நீண்டபோது முதலமைச்சராக இருந்தவர் அவர். அவ்விருவர்க்கும் அண்மையிலேயே மொழிப்போர் ஈகியர்க்கும் ஒரு மணிமண்டபம் எழுப்பப்பட்டுள்ளது! சிறையிட்டவர்க்கும் சிறையில் மாண்டவர்க்கும், சுடும் ஆட்சியை நடத்தியவர்க்கும் சுடப்பட்டவர்க்கும் ஒரே வேலி, ஒரே தோட்டக்காரர், ஒரே கருவூலம். உலகில் வேறெந்த இனமும் தன் துயரத்தை இவ்வளவு பெருந்தன்மையோடு பேணியிருக்குமா என்பது ஐயமே.

ஆகவே பொதுப்பணம் செலவிடப்படவில்லை என்று எவரும் குறைகூற முடியாது. செலவிடப்பட்டுள்ளது. எதற்குச் செலவிடப்பட்டது என்பதே வழக்கு.

எழும்பூர்த் தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே செல்லும் காந்தி இர்வின் சாலையில் தாளமுத்து நடராசன் மாளிகை நிற்கின்றது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அலுவலகம் அது. வீட்டு வரைபடத்துக்கு இசைவு பெற நாள்தோறும் அங்கு ஏறி இறங்குவோர் பலர். தாளமுத்து நடராசன் என்பது ஒருவர் பெயரா, இருவர் பெயரா என்று அவர்களிற் சிலரையேனும் கேட்டுப் பாருங்கள். குடந்தையிலிருந்து வந்த ஒருவரும் சென்னையில் எளிய குடியிற் பிறந்த மற்றொருவரும் சிறைப்பட்டு உயிர்துறந்த செய்தியைச் சொல்பவர் எத்தனை பேர் இருப்பர்? அதே சாலையில்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உள்ளது. அரசு ஆணைகளும் காவல்துறைக் குறிப்புகளும் அடுக்கடுக்காகக் காக்கப்படும் இடம் அது. பெயர் ஒரு கட்டடத்தில், ஆவணம் வேறொரு கட்டடத்தில். இடையில் நடந்து சென்று இரண்டையும் இணைக்க எந்த அரசும் தன் அலுவலர் ஒருவரையும் முறையாக அமர்த்தவில்லை.

1965-ஐ எடுத்துக் கொள்வோம். அவ்வாண்டு சனவரி 26 முதல் இந்தியே நடுவணரசின் ஆட்சிமொழி என்ற நிலையை எதிர்த்து, அந்நாளைத் துயர நாளாகக் கடைப்பிடிக்குமாறு இக்காஞ்சி மண்ணின் மகன் அண்ணா அழைத்தார், முன்கூட்டியே சிறைப்படுத்தப்பட்டார். அதற்கு ஓராண்டு முன்னரே, 1964 சனவரி 25 அன்று, கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி திருச்சித் தொடர்வண்டி நிலையத்தருகே தம்மையே எரித்துக் கொண்டார். 1965-இல் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வழியிற் சென்றனர். சிவகங்கை இராசேந்திரன் சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தருகே சுடப்பட்டு வீழ்ந்தார். இவர்தம் பெயர்கள் தெரியும். சிதம்பரத்தில் இராசேந்திரனுக்குச் சிலையும் உண்டு. பிப்பிரவரியில் பொள்ளாச்சியில் வீழ்ந்தோர் பெயர்கள்? குமாரபாளையத்திலும் திருப்பூரிலும் கோவையிலும் வீழ்ந்தோர் பெயர்கள்?

அரசு அன்று கூறிய கணக்கு ஏறத்தாழ 70 பேர். மக்கள் வாய்வழியே நிற்கும் கணக்கு 500 வரை செல்கின்றது. எழுபதுக்கும் ஐந்நூற்றுக்கும் இடையே நிற்பவை வெறும் எண்களல்ல. அத்தனை வீடுகள்; அத்தனை தாய்மார். தன் மகன் இறந்தான் என்பதற்கு அரசின் தாள் ஒன்றும் இல்லாமலே கண்மூடிய தாய்க்கு மணிமண்டபத்தின் பளிங்கு என்ன விடை கூறும்?

தமிழர்க்கு நினைவெழுப்புதல் புதிதன்று, பிறரிடம் கற்றதுமன்று. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேடிக் காண்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது வரையுள்ள துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. செங்கம் பகுதியில் கிடைத்த நடுகற்கள் சிலவற்றில், இக்காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அரசன் பெயரோடு, ஆ மீட்கச் சென்று மாண்ட சிற்றூர் மறவன் பெயரும், அவன் எதன்பொருட்டு மாண்டான் என்பதும் அதே கல்லில் இடம் பெற்றன. கல் சிறிது, செய்தி முழுமை. இன்றைய மணிமண்டபமோ கல் பெரிது.

நெசவாளரின் வினாவுக்கு விடையும் அப்பழந்தமிழ்க் கல்வெட்டுகளிலேயே உள்ளது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் சொற்கள் அவற்றில் வருகின்றன. நெய்த்தோர் என்பது குருதி. குருதி சிந்தி மாண்டவனின் குடும்பம் வாழ விடப்பட்ட நிலமே அது. ஒருபால் கல், மறுபால் கழனி. மாண்டவன் நினைவையும் இருப்பவர் வயிற்றையும் எதிரெதிராக நிறுத்தி, எது வேண்டும் என்று அக்காலத் தமிழன் கேட்கவில்லை. இரண்டையும் பொதுவின் கடமையாகக் கொண்டான். இன்றும் மொழிக்காவலர்க்கும் அவர்தம் மரபுரிமையர்க்கும் அரசு திங்கள்தோறும் உதவித்தொகை வழங்குகின்றது; அது மறைக்கப்பட வேண்டியதன்று. ஆனால், பெயர் பதியப்படாதவனின் குடும்பம் எந்தச் சான்றைக் காட்டி அத்தொகையைக் கேட்கும்? பட்டி இல்லாத இடத்தில் உதவியும் இல்லை.

"அரசிடம் கையேந்துவானேன்? மக்களே திரட்டிக் கட்டலாமே" என்பார் உளர். நல்ல உள்ளத்தினர், அவர்க்கு வலிய சான்றுகளும் உண்டு. போபாலில் 1984 திசம்பரில் நச்சுவளிக்கு இரையானோரின் உறவினர், அரசின் பணமும் வாணிக நிறுவனங்களின் பணமும் வேண்டாமென்று விலக்கி, 2014-இல் தம் சொந்த நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்தனர். குற்றத்தில் பங்குடையவன் கொடுக்கும் பணத்தில் குற்றத்தின் கதையை எழுத முடியாது என்பது அவர்தம் உறுதி. தஞ்சையை அடுத்த விளாரில் முள்ளிவாய்க்கால் நினைவு முற்றமும் அரசுப் பணமின்றித் தமிழர் கொடையாலேயே எழுந்தது. 2009-இல் ஈழத்தில் மடிந்தோரின் துயரம் அங்கே கல்லிற் செதுக்கப்பட்டுள்ளது. 2013 நவம்பரில் அது திறக்கப்பட்டது. திறந்த சில நாள்களுக்குள், நெடுஞ்சாலை நிலம் வளைக்கப்பட்டது என்று கூறி, அதன் சுற்றுச்சுவரை அரசு இடித்துத் தள்ளியது! அரசின் காசு வேண்டாமென்று ஒதுங்கினாலும் அரசின் பொறி ஒதுங்குவதில்லை.

காஞ்சியிலிருந்து சென்னை செல்லும் வழியில், திருப்பெரும்புதூரில், 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட இராசீவ் காந்திக்கு நடுவணரசின் பொதுப்பணித்துறை எழுப்பிய நினைவிடம் உள்ளது. 2003-இல் அது நாட்டுக்கு உரியதாக்கப்பட்டது. மாண்டவர்க்கு மதிப்பளித்தலை எவரும் இகழ வேண்டா. அன்று அவரோடு காவலரும் எளியோரும் மாண்டனர். எனினும், ஒரு சாவுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்குள் கருவூலம் திறந்த தில்லி, பொள்ளாச்சிக்கு ஒரு பட்டியைத் தொகுக்கவும் இத்தனை ஆண்டுகளாக ஒரு காசும் ஒதுக்கவில்லை என்பதை இங்குள்ளோர் எண்ணிப் பார்க்கட்டும். அந்தப் படையை அனுப்பியதும் அதே தில்லிதான்.

ஆகவே பொதுப்பணம் வேண்டும் என்பதே முடிவு. அதைப் பிச்சையாகக் கேட்க வேண்டியதில்லை. அது கட்டிய வரியின் மீட்பு. ஆனால், பணம் கொடுப்பவன் கதையையும் தானே எழுதுவான் என்றால் என்ன நேரும் என்பதற்குப் பஞ்சாபம் சான்று. அமிர்தசரசின் சாலியன்வாலா பாக்கில் 1919-இல் மாண்டோர் 379 என்று வெள்ளையன் குழு எழுதியது. நாட்டு மக்கள் கணக்கு ஆயிரத்தைத் தொட்டது. மறு ஆண்டே மக்கள் தம் காசைத் திரட்டி அந்நிலத்தை வாங்கினர். பின்னர் 1951-இல் சட்டத்தின் வழியே அது அரசின் அரவணைப்பிற்குள் வந்தது. 2021-இல் அங்குச் செய்த புதுப்பிப்பில், படையினர் நுழைந்த அக்குறுகிய வழி சிலைகளால் அணி செய்யப்பட்டது. ஒளியும் ஒலியும் சேர்க்கப்பட்டன. அவ்வழியின் இறுக்கமே சான்று. அதனை அழகு செய்தது சான்றை அழித்தது என்று வரலாற்றறிஞர் வருந்தினர். அமெரிக்காவிலோ 2001-இல் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த இடத்து அருங்காட்சியகம் 2014-இல் திறந்தபோது நுழைவுக் கட்டணம் 24 தாலர். உள்ளே பரிசுப்பொருட் கடையும் இருந்தது. அடையாளம் காணப்படாத உடற்சிதறல்கள் வைக்கப்பட்ட இடத்தில் கடையா என்று மாண்டோரின் உறவினர் சிலர் கொதித்தனர்.

சப்பானின் இரோசிமா வேறொரு வழி காட்டுகின்றது. அந்நகராட்சி நடத்தும் நினைவிடத்தில், அணுக்குண்டுக்கு இரையானோரின் பெயரேடு கல்லறைக்குள் வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் ஆகத்து 6 அன்று, அவ்வாண்டு மாண்டோரின் பெயர்களும் அதில் சேர்க்கப்பெறும். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் ஏடு மூடப்படவில்லை. காசு நகரத்தார் காசு. ஏடு மாண்டோர் ஏடு.

காஞ்சி நெசவாளர்க்கு இதை விளக்கத் தறியே போதும். கோர்வைச் சேலையின் உடலும் கரையும் தனித்தனி நாடாவால் நெய்யப்பட்டு ஓடுதோறும் பிணைக்கப்படுகின்றன. ஒருவரே நெய்துவிட முடியாது. மறுபுறம் இன்னொருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். அரசு ஒருபுறம் பணமும் நிலமும் ஆவணமும் தரட்டும். மாண்டோரின் குடும்பத்தாரும் மொழியறிஞரும் வரலாற்றறிஞரும் மறுபுறம் அமர்ந்து, என்ன சொல் எழுதுவது, எப்படத்தை வைப்பது என்று முடிவு செய்யட்டும். ஆட்சி மாறினாலும் அவர்கள் மாறக்கூடாது. திருப்பூரில் காவல் அலுவலர் இருவர் எரிக்கப்பட்டு மாண்ட செய்தியும் அங்கே எழுதப்பட வேண்டும். அதை மறைத்தால், பொள்ளாச்சியை மறைத்தவனைக் கேட்க வாயிருக்காது.

கணக்கு வேறு இருக்கின்றது. இம்மாவட்டத்து உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமன்று, அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர் என்பது அதன் விதி. ஈகியர் பெயரால் கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரர்க்கும் அதற்கு ஒப்பமிடும் அமைச்சர்க்கும் அவ்விதி பொருந்தும்படி செய்தால், மணிமண்டபங்களின் எண்ணிக்கை குறையும் என்று அஞ்சுவோர் அஞ்சட்டும்.

அண்ணா 1969-இல் புற்றுநோயால் மறைந்தார். இந்நகரை ஒட்டிய காரைப்பேட்டையில் அவர் பெயரால் நிற்பது புற்றுநோய் மருத்துவமனை. நாள்தோறும் ஏழையர் வந்து படுக்கும் அந்நினைவிடத்தை வீண் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அண்ணா வாழ்ந்த வீடும் இவ்வூரிலேயே நினைவில்லமாகக் காக்கப்படுகின்றது. அவ்வில்லத்தில் ஓர் அறையை ஒதுக்கி, 1938 தொடங்கி 1965 வரை மொழிக்காக மாண்டோரின் பெயரேட்டைத் திறப்பதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பளிங்கும் வேண்டாம். வேண்டியவை இரண்டு: காந்தி இர்வின் சாலை ஆவணக் காப்பகத்தில் அவ்வாண்டுகளின் காவல்துறை, மருத்துவமனைக் குறிப்புகளைத் தடையின்றிப் புரட்ட ஓர் அரசாணை, பொள்ளாச்சிக்கும் குமாரபாளையத்துக்கும் சென்று வீடுவீடாகக் கேட்டு எழுத நான்கு இளைஞர்க்கு ஓராண்டு ஊதியம்.

அன்று பதினெட்டு அகவையில் கல்லூரி வாயிலில் நின்றவர், இன்று எண்பதை ஒட்டியவர். அவருட் பலர் பேச இன்னும் அணியமாயுள்ளனர். வரும் சனவரி 25 அன்று அமைச்சர் பெருமக்கள் மூலக்கொத்தளத்துக்கு மாலையோடு வருவர். அவர்களிடம் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் கூட்டத்தின் வாயிலில் உள்ள மேசையில் இருக்கின்றது. கையொப்பமிடுவோர் தம் தெருப்பெயரையும், 1965-இல் மாண்ட எவரையேனும் அறிந்திருந்தால் அவர் பெயரையும் ஊரையும் உடன் எழுதிவிட்டுச் செல்க.