குடத்து நீரும் கடைச் சொட்டும்

வெற்றிலைப் பெட்டியில் சாதுவாகக் கிடக்கும் சுண்ணாம்பு, குழந்தையின் கையில் நசுங்கிய பொட்டலத்திலிருந்து தெறித்துக் கண்ணில் விழுந்தால், கருவிழி எனப்படும், கண்ணின் முகப்பில் தெளிந்து நிற்கும் படலத்தின் உயிரணுக் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. அமிலமோ புரதத்தை உறையவைத்துத் தன் வழியைத் தானே பெரும்பாலும் அடைத்துக்கொள்வதால், காரமே கண்ணுக்குக் கொடிய பகை. மருத்துவமனை எங்கே என்று தேடுவதற்கு முன்பே, இமையை விரித்துப் பிடித்து, உள்மடிப்பில் ஒட்டிய துகளும் கழுவிப் போகும்படி அரை மணி நேரம் நல்ல தண்ணீரை ஊற்றும் தாயே அங்கே முதல் மருத்துவர். அவருக்கு எந்த மேடையிலும் பொன்னாடை போர்த்தியதில்லை. சுண்ணாம்புக்கு மாற்று எலுமிச்சை என்று வேதியியல் பேசுவோருக்கோ மாலைகள் குவிகின்றன!

அதே தண்ணீர், முள்ளோ கம்பியோ பட்டாசுச் சில்லோ துளைத்த கண்ணுக்கு ஆகாது. கண்பாவை, அதாவது கருவிழியின் நடுவே தெரியும் கரிய வட்டம், ஒருபக்கம் இழுபட்டுக் கண்ணீர்த்துளி வடிவில் நீண்டாலோ, கரிய திசு வெளியே பிதுங்கினாலோ, பார்வை சட்டென மங்கினாலோ, கண் கிழிந்திருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். குத்தி நிற்பதைப் பிடுங்காமலும், கழுவாமலும், அழுத்தாமலும், காகிதக் குவளையின் அடிப்பகுதியை வெட்டிக் கண்ணில் படாதவாறு கவிழ்த்து ஒட்டி, அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் உண்ணவும் பருகவும் கொடுக்காமல், உடனே அழைத்துச் செல்வதே முறை.

முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிய பின்னும் அறுவைக் கத்தியைப் பிடித்து, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு கண் மருத்துவமனை தொடங்கிய மருத்துவர் ஒருவர் இந்த மண்ணில் வாழ்ந்தார். அந்த மதுரையைச் சுற்றிய வயல்களில்தான், நெல்தாள் கீறிய கருவிழியில் பூஞ்சை பற்றிச் சில நாளில் வெள்ளைப் புள்ளி விழுகிறது. அதற்குச் சீட்டில்லாமல் கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு, சிவப்பையும் வலியையும் தணித்து நலமென்று நம்பவைத்து, உடலின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சையை வளரவிடுகிறது. கேட்டால், மக்களுக்கு உதவுவதாகக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள்! அப்படி உதவியவர்களே கண் முகாமுக்குத் தட்டியும் கட்டுகிறார்கள்; அந்தத் தட்டியின் கம்பி முனையை வழிப்போக்கரின் கண்மட்டத்தில் நீட்டிவிடாமல் மடக்கிக் கட்டினாலே பாதித் தொண்டு முடிந்துவிடும்.