ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்மா?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

வழக்கமாக இங்கே வேலை, சம்பளம், கோடிங், கொஞ்சம் சினிமா என்று பேசுவோம். இன்னைக்கு எங்க வீட்டு விஷயம். இந்த எபிசோடைப் பண்ணலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் அம்மாகிட்டயே கேட்டேன். "பேசு கண்ணு, எம் பேரை மட்டும் சொல்லிப்போடாத"ன்னு சொன்னாங்க. அதனால் பேசுகிறேன்.

எங்க ஊர் திருப்பூர். அம்மா இருபது வருஷத்துக்கும் மேலாக பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓவர்லாக் மெஷின் துணியின் ஓரத்தைத் தைக்கும்போதே, அதில் இருக்கும் சின்னக் கத்தி ஓரத்தை வெட்டிக்கொண்டே போகும். வெட்டுகிற இடத்தில் பஞ்சு பறக்கும். காலையில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிஃப்ட், அதாவது 12 மணி நேரம். கம்பெனியில் என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று அம்மாவின் கைக்குட்டையைப் பார்த்தே நானும் தங்கச்சியும் சொல்லிவிடுவோம். மூக்கைச் சிந்தினால் சிவப்பு வந்தால் சிவப்பு ஆர்டர், நீலம் வந்தால் நீலம். அப்போ அது எங்களுக்கு விளையாட்டு.

அம்மாவுக்கு இளைப்பு எப்ப ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மழைக்காலத்தில் இருமுவாங்க. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்கு எழுந்து தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருப்பாங்க. மருந்துக்கடையில் யாரோ நீலக் கலர் இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்தாங்க. அதை அம்மா பவுடர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாங்க. கம்பெனியில் பார்த்தால் தொத்து வியாதி என்று நினைப்பார்களாம். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் பேச்சு வருமாம். ஆஸ்துமா தொத்தாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

சரி, அந்த ராத்திரிக்கு வர்றேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும். கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. தினமும் ஒன்றரை ஷிஃப்ட், சில நாள் அதுக்கு மேலயும். நான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவின் நெஞ்சில் விசில் சத்தம். நீல இன்ஹேலரை அடித்தாங்க, மறுபடி அடித்தாங்க. அம்மாயி விக்ஸ் தேய்த்துவிட்டாங்க. அரை மணி நேரம் கழித்து விசில் சத்தம் நின்றது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அப்பாடா, சரியாயிடுச்சு, இனி தூங்குவாங்க என்று. லைட்டை அணைக்கப் போனேன்.

தங்கச்சிதான் "அண்ணா, அம்மா பேச மாட்டேங்குறாங்க"ன்னா. திரும்பிப் பார்த்தேன். ரெண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோள் மேலே மேலே ஏறுது. "அம்மா, என்ன பண்ணுது?" என்றால் "த... ண்..." அவ்வளவுதான். ஒரு முழு வார்த்தை வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் காரை எடுத்தார். பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி.

ஆக்ஸிஜன், நெபுலைசர், ஊசி எல்லாம் முடிந்து விடியக்காலையில் அந்த டாக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன். விசில் சத்தம் வருகிறது என்றால் குறுகிப்போன குழாய் வழியாகக் காற்று போகிறது என்று அர்த்தம். மூச்சுத் திணறல் குறையாமல் சத்தம் மட்டும் நின்றால், சத்தம் வருகிற அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம். அதுதான் ஆபத்தான கட்டம். நான் லைட்டை அணைக்கப் போன நேரம் அதுதான்.

இதை ஒண்ணை மட்டும் இந்த எபிசோடிலிருந்து எடுத்துக்கிட்டாலும் போதும். ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, மயக்கமாக இருக்கிறது, இன்ஹேலர் அடித்தும் கேட்கவில்லை என்றால் காத்திருக்காதீங்க. படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, 108-க்குப் போன் பண்ணுங்க. வண்டி வருகிற வரைக்கும் நீல இன்ஹேலரை ஸ்பேசரில் வைத்து ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்துக்கொண்டே இருங்க.

வார்டில் அடுத்த நாள் வேறொரு டாக்டர் வந்தார். பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்: "ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்மா?"

எனக்கு ஒண்ணும் புரியவில்லை. அம்மா யோசித்துச் சொன்னாங்க: "ஞாயித்துக்கிழமை நல்லாத்தாங்க இருக்கும். துணி தொவைக்க, வீடு கூட்ட, எல்லாத்துக்கும் தெம்பிருக்கும்."

லீவு நாளில் குறைந்து வேலை நாளில் கூடுகிறது என்றால், வேலை செய்கிற இடத்துக்கு அதில் பங்கு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் முதலில் கேட்கிற கேள்வி இதுதானாம். இத்தனை வருஷத்தில் நாங்க யாரும் அம்மாவிடம் அதைக் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தப் பவுடர் டப்பா இருந்த அலமாரியைக் காலி பண்ணியது. உள்ளே ஒன்பது காலி நீல இன்ஹேலர். "எத்தனை வருஷத்துதும்மா?" என்றேன். "போன தீபாவளிக்கு அலமாரி ஒதுக்குனப்ப எல்லாத்தையும் வீசுனனே"ன்னாங்க. அப்படியென்றால் ஒரு வருஷத்துக்கு ஒன்பது. ஒவ்வொன்றிலும் 200 பஃப். 1800-ஐ 365-ஆல் வகுத்தால் நாளைக்கு ஐந்து தடவை. எங்க வேலையில் சர்வர் ஒரு நாளைக்கு ஐந்து தடவை அலர்ட் அடித்தால் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கப் போக மாட்டோம். வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உள்சுவர் எப்பவும் வீங்கிச் சிவந்து கிடக்கிற நோய். அதன் மேல் தூசியோ, குளிர் காற்றோ, சளியோ, ஊதுபத்திப் புகையோ பட்டால் சுற்றியிருக்கிற தசை இறுகும், உள்ளே சளி கட்டும், குழாய் சுருங்கும். நீல இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் சால்பூட்டமால். அது இறுகிய தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்தும். நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஆனால் உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைக்கிற மருந்து வேறு. புடெசோனைடு மாதிரி ஸ்டீராய்டு இன்ஹேலர். மூச்சு நன்றாக இருக்கிற நாளிலும் தினமும் எடுக்க வேண்டியது.

இது எங்க வீட்டில் மட்டும் நடந்த தப்பு இல்லை. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் 'கினா' அமைப்பு, 2019-இல் தன் வழிகாட்டுதலை மாற்றியது. 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தனியாகக் கொடுத்து விட்டுவிடாதீர்கள், ஸ்டீராய்டு இன்ஹேலரும் சேர வேண்டும் என்று சொன்னது. வருஷத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் நீல இன்ஹேலர் காலியானால் கடுமையான தாக்குதல் வரும் அபாயம் கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. அம்மா ஒன்பதில் இருந்தாங்க. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் 4,55,000 பேர்.

ஸ்டீராய்டு என்றதும் எங்க வீட்டில் ஒரே கலவரம். "அது ஒடம்பை ஊத வெச்சுரும், எலும்பை அரிச்சுரும்"ன்னு அம்மாயி. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஒரு வாரம் கொடுத்த பிரட்னிசோலோன் மாத்திரை நாளைக்கு 40 மில்லிகிராம். இன்ஹேலரில் போகிற மருந்து நாளைக்கு 400 மைக்ரோகிராம். எடைக் கணக்கில் நூறில் ஒரு பங்கு. அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாய்ப்புண்ணும் பெரும்பாலும் வராது. தினமும் கொஞ்சம் எடுக்கப் பயந்துதான், ஒரு ராத்திரியில் நூறு மடங்கு எடுக்க வேண்டியதாயிற்று.

அம்மாயி தூதுவளை ரசத்தை நிறுத்தவில்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தால் குடிக்கட்டும். இன்ஹேலருக்குப் பதிலாக இல்லாதவரைக்கும் சண்டை இல்லை.

இன்னொரு கூத்து. இத்தனை வருஷமாக அம்மா இன்ஹேலர் அடித்த முறையே தப்பு. வாயைத் திறந்து, வாசனை ஸ்பிரே மாதிரி நாக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தாங்க. நர்ஸ் அக்கா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுவதும் வெளியே விட வேண்டும். வாயை இறுக்கமாக வைத்து, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போது அழுத்த வேண்டும். பத்து வரை எண்ணி மூச்சைப் பிடிக்க வேண்டும். அந்த நேரக்கணக்கு வராதவர்களுக்குத்தான் ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவை. குழந்தைகளுக்கு மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன், இல்லை.

ரெண்டு மாசம் தினமும் எடுத்தாங்க. இருமல் போச்சு, ராத்திரித் தூக்கம் வந்தது. உடனே நிறுத்திட்டாங்க! "நல்லாயிருச்சே கண்ணு, எதுக்கு வீணா?" மூன்றாவது வாரம் மறுபடி விசில். நல்லா இருந்ததே அந்த மருந்தால்தான் என்று புரிய, அம்மாவுக்கு இன்னொரு சுற்றுத் தேவைப்பட்டது. எனக்கும்தான். போனில் "சாப்டீங்களா" என்று கேட்ட நான், இன்ஹேலர் எடுத்தீங்களா என்று கேட்டதில்லை.

டாக்டர் சொன்னபடி ஒரு நோட்டுப் போட்டோம். தேதி, நீலம் எத்தனை தடவை, அன்னைக்கு என்ன வேலை. அடுத்த தீபாவளி லீவில் தாராபுரம் பக்கம் அம்மாயி ஊருக்குப் போயிருந்தோம். நாலாவது நாளிலிருந்து நீலம் பூஜ்யம். திருப்பூர் திரும்பி வேலைக்குப் போன மூன்றாவது நாள் ஒன்று, அந்த வாரக் கடைசியில் மூன்று. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்ததும் வீட்டில் யாரும் விவாதம் பண்ணவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பஞ்சுத் தூசியால் வருகிற நோய் என்றாலே படித்தவர்கள் 'பிசினோசிஸ்' என்பார்கள். அது வேறு. ஸ்பின்னிங் மில்லில் புளோரூம், கார்டிங் மாதிரி கச்சாப் பஞ்சைக் கையாளுகிற இடங்களில்தான் அது அதிகம் வரும். பஞ்சில் ஒட்டியிருக்கிற பாக்டீரியாவின் நச்சுதான் அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். அதன் அடையாளம் லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள் நெஞ்சு இறுகுவது. வாரம் போகப் போகக் குறையும். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் 1950-களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற டாக்டர் இதை விரிவாக ஆராய்ந்தார். அம்மாவுக்கு நேர் எதிர், வாரம் போகப் போகக் கூடியது. பனியன் கம்பெனிக்கு வருகிற துணி பெரும்பாலும் சாயம் போட்டு அலசி வந்தது. அதனால் அந்த நச்சு குறைவு. ஆனால் ஏற்கனவே வீங்கிய குழாய்க்கு எந்தத் தூசியும் தூசிதான். பல்லடம், சோமனூர், வெள்ளகோவில் பக்கம் மில்லில் வேலை செய்கிறவர்கள் உங்க வீட்டில் இருந்தால் கேள்வியை மாற்றிக் கேளுங்க: திங்கட்கிழமை எப்படி இருக்கும்? பிசினோசிஸ் சட்டப்படியே தொழில்சார் நோய். டாக்டரிடம் என்ன வேலை என்று சொல்லாமல் இருமலுக்கு மட்டும் மருந்து கேட்டால், அந்த உரிமை பேச்சுக்கே வராது. சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயப் பொடியை எடை போடுகிறவர்களுக்கும் அந்தப் பொடியால் ஆஸ்துமா வரலாம்.

அப்போ அம்மா வேலையை விட்டுட்டாங்களா? அதுதான் எல்லாரும் கேட்கிற கேள்வி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "நான்தான் சம்பாதிக்கிறேனே, விட்டுடுங்கம்மா." அம்மா கோபப்பட்டு நான் பார்த்தது கம்மி. "அந்த மிசின்ல உக்காந்துதான் உனக்கு ஃபீஸ் கட்டுனேன். இப்ப அதையே கேவலமாப் பேசறயா?"ன்னாங்க. நான் தூசியைப் பற்றிப் பேசினேன். அம்மாவுக்கு அது தன் தொழிலைப் பற்றிப் பேசினதாகக் கேட்டது. நாலு மாசம் இழுத்தது.

கடைசியில் அம்மாவே சூப்பர்வைசரிடம் பேசி செக்கிங்குக்கு மாறினாங்க. ஷிஃப்ட் கூலி குறைவு. ஒன்றரை ஷிஃப்ட்டை ஒரு ஷிஃப்ட் ஆக்கிக்கிட்டாங்க. சாயங்காலம் ஏர் கன் வைத்து மெஷின்களை ஊதிச் சுத்தம் பண்ணுவார்கள். தரையில் கிடக்கிற பஞ்சு எல்லாம் அப்போதுதான் திரும்ப மூக்குக்கு ஏறும். வாக்குவம் வைத்து உறிஞ்சினால் நல்லது. அது இன்னும் நடக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் அம்மா வெளியே டீக்கடையில் நிற்பாங்க. இப்போ கூட இன்னும் ரெண்டு மூணு பேர் நிற்கிறாங்களாம்.

வீட்டிலும் மாற்றினோம். அம்மாயி பொழுதுபோக்குக்காகப் பீஸ் வாங்கிவந்து பிசிறு வெட்டுவாங்க. அது படுக்கிற ரூமிலிருந்து திண்ணைக்குப் போச்சு. கொசுவர்த்திக்குப் பதில் வலை. கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணி. சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் அம்மா வாசலில் இருக்கும்போது.

போன வருஷம் அம்மாவுக்கு நீல இன்ஹேலர் காலியானது ஒன்று. ஒன்பது, ஒன்று. என் வேலையில் இதுவரை எந்த நம்பரும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

தங்கச்சிக்கும் லேசாக இளைப்பு இருக்கிறது. பெண் பார்த்துவிட்டுப் போன வாரத்திலேயே மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி அவளே சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. "சரி, மருந்து ஒழுங்கா எடுக்கறீங்கல்ல?"ன்னு மட்டும்தான் அவர் கேட்டாராம். இப்போ அவள் இன்ஹேலர் ஹேண்ட்பேக்கில், போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பவுடர் டப்பாவில் பவுடர் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்க டாக்டர் சொல்லட்டும். ஆனால் இந்த வாரம் ஊருக்குப் போகும்போது ரெண்டு விஷயம் பண்ணுங்க. அலமாரியைத் திறந்து காலி இன்ஹேலரை எண்ணுங்க. அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து, ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கும்மான்னு கேளுங்க.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். வரேனுங்க.