மீன் பாடுமா? பாலம் கெடுத்ததா?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"விஞ்ஞானமும் அன்றாட வாழ்வும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தார். சந்திரனுக்குச் சென்ற கலத்தைப் பற்றியும், மனிதனைப் போலப் பேசும் கணினியைப் பற்றியும் நாம் பேசலாம். ஆனால் அவற்றைக் கேட்டு வியந்துவிட்டு வீட்டுக்குப் போவதோடு காரியம் முடிந்துவிடும். ஆகவே நம் ஊர் வாசிகசாலைத் திண்ணையிலும், சந்தித் தேத்தண்ணீர்க் கடையிலும் நாள்தோறும் நடக்கும் வாதம் ஒன்றையே எடுத்துக்கொள்ள விரும்புகின்றோம். நம் வாவியில் மீன் பாடுகிறதா, இல்லையா? முன்பு பாடியதென்றால் இப்பொழுது ஏன் கேட்பதில்லை?

இவ்வாதத்தில் மூன்று கட்சிகள் உண்டு. முதற் கட்சியார் வயதில் மூத்தவர்கள். "மனே, கல்லடிப் பாலத்தில் லைற்றும் வாகனமும் கூடின நாளோடு மீன் ஓடிற்று" என்பார்கள். இரண்டாம் கட்சியார் சிறிது படித்தவர்கள். பாலத்துத் தூண்களில் நீரும் காற்றும் மோதும் ஓசையைத்தான் மீனின் பாட்டென்று நினைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் கொள்கை. மூன்றாம் கட்சியார் எம் வயதினர். "எல்லாம் கட்டுக்கதை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுக் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவர். மூன்று கட்சியாரும் உரத்துப் பேசுகின்றனர். ஆனால் தோணியில் ஏறிக் காது கொடுத்துக் கேட்டவர் எத்தனை பேர் என்று எவரும் எவரையும் வினவுவதில்லை.

வாதம் செய்வதற்கு நம் முன்னோர் முறை வகுத்திருந்தனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அளவை உறுப்புக்களை எடுத்துரைத்து, அவற்றில் நேரும் போலிகளையும் வகைப்படுத்துகின்றது. சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொண்டனர். கண்டறிவது காட்சி, கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிவது கருதல், நம்பத்தக்கார் கூற்று உரை. பாதிரிமார் நிறுவிய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்ற எமக்கு, பரிசோதனைச்சாலையில் கற்றதும் இம்மூன்றும் ஒன்றோடொன்று பகைப்பனவாகத் தோன்றவில்லை. பார், எண்ணிப்பார், முன் பார்த்தவர் சொன்னதைக் கேள் என்பதே இரண்டிடத்தும் பாடம். இம்மூன்றையும் கொண்டு வாவி வாதத்தைச் சோதிப்போம்.

முதலில் உரை. 1848ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். நீரினுள் இருந்து இசை எழுவதாகக் கேள்விப்பட்டு, மீனவர் துணையுடன் இரவில் தோணியில் சென்று, தாமும் அதைக் கேட்டதாக 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எழுதி வைத்தார். தோணியின் மரத்தில் காதை வைத்தபொழுது ஒலி மிகுந்து கேட்டது என்பது அவர் தரும் முக்கியமான செய்தி. பிற்காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்பில் பணிபுரிந்த யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அவ்வொலியைப் பதிவு செய்தார். அப்பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. ஆகவே "எல்லாம் கட்டுக்கதை" என்ற எம் வயதினரின் கட்சி நிற்கவில்லை.

இரண்டாம் கட்சியும் அதே ஆதாரத்தால் விழுகின்றது. ரெனன்ற் வந்த 1848இல் கல்லடியில் பாலமே இல்லை. தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கிய பழைய பாலம் 1920களில் எழுந்தது. புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. பாலம் இல்லாத காலத்தில் கேட்ட ஒலிக்குப் பாலத்துத் தூண் எப்படிக் காரணமாகும்? இதைத்தான் நம் நூல்கள் ஏதுப் போலி என்றன.

இனி மூத்தவர்களின் கட்சிக்கு வருவோம். அவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நாம் அறிந்ததே. காகம் இருந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. காகத்தால்தான் விழுந்தது என்பது மட்டும் தனியே நிறுவப்பட வேண்டியது. வெளிச்சமும் வாகனமும் கூடியபின் பாட்டுக் கேட்கவில்லை என்றால், அதே காலத்தில் வேறு எவை மாறின என்றும் பார்க்க வேண்டாமா? 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இரவில் வாவி நடுவே தோணியை நிறுத்திக் காது கொடுத்திருக்க யாருக்கு மனம் வந்திருக்கும்? துடுப்புத் தோணிகள் இருந்த இடத்தில் இயந்திரப் படகுகள் வந்தன. வாவியிற் கழிவு சேர்ந்தது. கரையோரக் கண்டற் காடு குறைந்தது. மீன் ஓடிற்றா, கேட்பவர் ஓடினரா, இரண்டும் நடந்தனவா? கேட்கப் போகாதவனுக்குக் கேட்கவில்லை என்பது மீனுக்கு எதிரான சாட்சியாகாது.

மீன் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ரெனன்றுக்கு மீனவர் காட்டியது மீனை அன்று. நத்தை இனத்தைச் சேர்ந்த ஊரியையே அவர்கள் காட்டினர். ஒலி ஊரியிலிருந்து வருவதாகவே அன்றைய மீனவர் கருதினர். இன்றோ "மீன் பாடும் தேன்நாடு" என்ற பெயரே ஆதாரமாகிவிட்டது. பெயர் அழகானதுதான், ஆனால் பெயர் சாட்சி சொல்லாது. பாடுவது இன்ன உயிர்தான் என்று ஐயமற நிறுவப்படும்வரை, "நீரில் ஓர் ஒலி கேட்கிறது" என்பது வரையில் சொல்வதே நேர்மை.

அப்படியானால் மீன் ஒலி எழுப்புமா என்று கேட்கலாம். எழுப்பும். நம் மீனவர் கீச்சான் என்று ஒரு மீனுக்குப் பெயரிட்டது அது கீச்சிடுவதனால்தான். பல மீன்கள் தம் வயிற்றினுள் உள்ள காற்றுப்பையைத் தசைகளால் அதிரவைத்து, உடுக்கு அடிப்பதுபோல் ஒலி எழுப்புகின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சோசலிட்டோ என்னும் ஊரில், படகு வீடுகளில் வாழ்ந்தோர் 1980களில் இரவு முழுதும் கேட்ட ஓர் இரைச்சலால் உறக்கமிழந்தனர். கழிவுநீர்ப் பம்பி என்றனர் சிலர். இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றனர் வேறு சிலர். ஈற்றில், இனப்பெருக்க காலத்தில் பெண் மீனை அழைக்கும் ஆண் மீன்களின் முழக்கமே அது என்று கண்டனர். தேத்தண்ணீர்க் கடை வாதம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிகின்றோம்.

துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையைக் காதோடு சேர்த்துக் கேள் என்று நம் மூத்தவர் சொல்வதிலும் பௌதிகம் இருக்கின்றது. ஒலி காற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றரும், நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றரும் செல்லும். ஆனால் நீரில் எழும் ஒலி நீரின் மேற்பரப்பை அடைந்ததும், அதன் சக்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே காற்றுக்குள் புகும், மிகுதி திரும்பிவிடும். மரத்துடுப்போ அவ்வொலியை நேரே காதுக்குக் கொண்டுவந்து தருகின்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தோணிக்காரர் கண்டுபிடித்த கருவி அது. பாலத்தின்மேல் நின்று செவிசாய்த்துவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று திரும்புகிறவர், அவருடைய பரிசோதனையை அவரைவிடத் தாழ்வாகச் செய்கின்றார்.

பூரணை இரவிலேதான் பாடும் என்பதும் நெடுநாள் வழக்கு. நிலவில்லாத இரவில் யார் போய்க் கேட்டார்கள்? விளக்கின் அடியில் மட்டும் தேடி, காசு விளக்கடியில்தான் விழும் என்று முடிவு செய்யலாமா? கடற்பெருக்கே காரணம் என்பவர் ஒன்றைக் கருத வேண்டும். பூரணையைப் போலவே அமாவாசையிலும் பெருக்கு மிகும். அப்படியாயின் ஆடி அமாவாசையன்று மாமாங்கத்தில் தீர்த்தமாடிய இரவிலும் வாவியில் பாட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் பெருக்கு என்ற காரணத்துக்கு வலுச் சேரும். பன்முறை சென்றும் கேட்காவிட்டால், நிலவொளியையோ வேறொன்றையோ நாம் தேட வேண்டும். தீர்த்தக் குளத்துக்கும் வாவிக்கும் இடையில் நடந்து போகும் தூரமே இருக்கின்றது; ஆனால் அந்தச் சோதனையைச் செய்ய நம்முள் ஒருவரும் முன்வந்ததில்லை.

"மீன் பாடினால் என்ன, பாடாவிட்டால் என்ன? இதற்கு இத்தனை வாதமா?" என்று சிலர் நினைக்கலாம். பெரியோர்களே, இதே விதமான சிந்தனைதான் வேறொரு நாளில் உயிரைக் காக்கவோ போக்கவோ செய்கின்றது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாளை இங்கு யாரும் மறக்கவில்லை. வாவிக்கு அப்பால் நாவலடியும் கல்லடியும் திருச்செந்தூரும் பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. அதன் பின்பு ஒரு சொல் ஊரெங்கும் பரவியது: "கடல் உள்வாங்கினால் சுனாமி வரும்." இது உண்மை. ஆனால் "உள்வாங்கவில்லை, ஆகவே சுனாமி வராது" என்று சிலர் இதைத் திருப்பிப் போடுகின்றனர். புகை இருந்தால் நெருப்பு உண்டு. புகை இல்லாததால் நெருப்பு இல்லை என்று சொல்ல முடியுமா? சுமாத்திராவுக்குக் கிழக்கே தாய்லாந்துக் கரையில் அன்று கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே நம் பக்கத்தில் முதலில் ஏறியே வந்தது. திருப்பிப் போட்ட அந்த வாக்கியத்தை நம்பியிருப்பவன் கரையிலேயே நிற்பான்.

2012 சித்திரை 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்தது; நம் கரையிலும் எச்சரிக்கை விடப்பட்டது; மக்கள் ஓடினர்; பேரலை வரவில்லை. உடனே "எல்லாம் வீண் பயமுறுத்தல்" என்ற பேச்சு எழுந்தது. 2004இல் கடலடித்தளம் மேலெழுந்து நீரைத் தூக்கியது. 2012இல் அது பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தது. அந்த வேறுபாடு முதல் நிமிடங்களில் தெளிவாவதில்லை. வீட்டுக்குக் காவல் வைத்த இரவில் கள்வன் வராவிட்டால் காவற்காரனைப் பொய்யன் என்போமா?

இவ்விடத்தில் எம் வயதினருக்கும் ஒரு சொல். இந்தோனேசியாவில் சிமெலுவே என்றொரு தீவு, 2004ஆம் ஆண்டு நிலநடுக்கம் தோன்றிய இடத்துக்கு மிக அண்மையில் இருக்கின்றது. 1907இல் வந்த பேரலையை அத்தீவின் பாட்டன் பாட்டிமார் "சிமோங்" என்ற பெயரால் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். பலத்த அதிர்வு கண்டால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். ஏறத்தாழ 78,000 மக்கள் வாழ்ந்த அத்தீவில் 2004இல் இறந்தோர் 7 பேர் மட்டுமே. கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. கிழவியின் கதை இருந்தது. பழையது என்பதற்காக ஒரு சொல்லைத் தள்ளுவதும், பழையது என்பதற்காகவே ஏற்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். அச்சொல்லினுள் யாரோ கண்ணால் கண்ட உண்மை இருக்கின்றதா என்று தேடுவதே நம் கடமை.

இப்பணிக்கு வழிகாட்டி நம் மண்ணிலேயே பிறந்தார். காரைதீவில் 1892இல் தோன்றிய சுவாமி விபுலானந்தர், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆவார். மறைந்து போன யாழை ஆராய்ந்தபொழுது, நூல்களை ஓதியதோடு நில்லாமல், நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணக்கிட்டு 1947இல் யாழ் நூலைத் தந்தார். பழமையில் பற்றும் கணக்கில் கண்டிப்பும் ஒரே நெஞ்சில் வாழலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். வருகின்ற ஓராண்டுக்கு, மாதத்தில் இரண்டு இரவு, பூரணையிலும் அமாவாசையிலும், நம் உறுப்பினர் நால்வர் ஒரு மூத்த மீனவருடன் தோணியில் செல்லட்டும். திகதி, நேரம், இடம், காற்று, நீரோட்டம், கேட்டதா இல்லையா என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். கேட்காத இரவையும் கேட்ட இரவைப் போலவே ஒழுங்காக எழுத வேண்டும். அதுவே இதில் முக்கியம். கைத்தொலைபேசியை வைத்திருப்போர் அன்றிரவு அதைப் பேச்சுக்கன்றி ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தட்டும். தோணிக்காரப் பெரியவர்களிடம், அவர்கள் எங்கே, எந்த மாதத்தில், எத்தனை வயதில் கேட்டார்கள் என்பதையும் எழுதிக்கொள்வோம். அவர்கள் போனபின் அந்தச் சாட்சி எந்தக் கருவியிலும் கிடைக்காது.

பன்னிரண்டு மாத முடிவில், பாட்டு இருக்கின்றதென்று தெரிந்தால் அதைக் காக்க வாவியைச் சுத்தமாக்குமாறு கேட்கும் உரிமை நமக்கு உண்டாகும். கேட்கவில்லை என்று தெரிந்தால், எதை இழந்தோம் என்பதையாவது சரியாக அறிவோம். எதுவாயினும், அதன்பின் வாசிகசாலைத் திண்ணையில் நடக்கும் வாதத்தில் ஒரு கொப்பியும் நம் பக்கத்தில் இருக்கும்.

அடுத்த பூரணைக்கு முன்னரே தோணிக்கும் துடுப்புக்கும் ஏற்பாடு செய்யுமாறு தலைவரையும் செயற்குழுவினரையும் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.