வாய்க்காலின் இரு கரைகள்

பழம்பெரும் நகரங்களுக்குச் செல்லும் பயணியின் கண்ணில் முதலில் படுவன கட்டடங்களே. அவற்றை எழுப்ப உழைத்தோரும், அவற்றுக்காக இடம் இழந்தோரும் எளிதில் புலப்படுவதில்லை. அயலார் ஆட்சியில் உருவான நகரங்களுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். சோழமண்டலக் கரையிலுள்ள புதுச்சேரியும் தரங்கம்பாடியும் அதற்குத் தக்க சான்றுகள்.

புதுச்சேரியை ஒரு பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரமாக இருந்தது வெள்ளையர் நகரம். மேற்கே இருந்தது தமிழர் நகரம். பயணிகளிற் பெரும்பாலோர் கிழக்குப் பகுதியின் நேரான வீதிகளையும் வளைவு வாயில்களையும் கண்டு, பிரெஞ்சுக்காரரின் கலைத்திறனைப் புகழ்ந்து திரும்புகின்றனர். ஆனால் 1693 முதல் 1699 வரை இந்நகர் டச்சுக்காரர் வசம் இருந்தது. நேர்கோட்டு வீதி அமைப்பு அவர்கள் 1694இல் வரைந்த படங்களிலேயே காணப்படுகிறது. 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். இன்று காணும் பிரெஞ்சு மாளிகைகள் 1765க்குப் பின் எழுந்தவை.

அவ்வழிவுக்குத் தப்பியவற்றுள் ஒன்று மேற்குக் கரையில் உள்ளது. அது ஆனந்தரங்கப் பிள்ளையின் இல்லம். கீழ்த்தளத்தில் நம் நாட்டு மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய பாணி வெண்தூண்கள். ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக விளங்கிய பிள்ளை, 1736 முதல் தம் நாட்குறிப்பைத் தமிழில் எழுதினார். துணி வணிகமும் அரண்மனைச் சூழ்ச்சியும் போர்ச் செய்தியும் அதில் இடம்பெற்றன. நகர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் மறைந்தார். அயலார் ஆட்சியைத் தமிழர் ஒருவர் உள்ளிருந்து நோக்கிய பதிவு அது.

1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட கொடுமையையும் அந்நாட்குறிப்பே தெரிவிக்கிறது. கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. அதே புதுச்சேரிதான் 1908இல் ஆங்கில அரசின் கெடுபிடிக்குத் தப்பி வந்த பாரதியாருக்குப் பத்தாண்டுக் காலம் புகலிடம் தந்தது. ஓர் அந்நியக் கொடி விரட்டியவரை வேறோர் அந்நியக் கொடியின் நிழல் காத்தது. பழியையும் நன்றியையும் ஒருசேர நினைவில் வைக்கும் பயணிக்கே இந்நகர் விளங்கும்.

கடற்கரை வழியே தெற்கே சென்றால் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரின் இசைவுடன் டேனிசு நாட்டார் இங்குக் கோட்டை கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவர் பெயர் நினைவுச் சின்னங்களில் உண்டு. அவருக்குத் தமிழ் புகட்டியோரைத் தேடுவோர் ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். கோட்டைக்கு அருகிலேயே, 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முற்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. 1845இல் இவ்வூரை டேனிசு அரசு ஆங்கிலேயருக்கு விற்றபோது கைம்மாறியது ஆட்சி. ஊர் மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

பழமையைப் போற்றும் இக்காலத்திலும் இரு கரைகளும் ஒரே நிறையில் வைக்கப்படுவதில்லை. புதுச்சேரிக் கடற்கரையிலிருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014இல் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே எழுப்பப்பெற்று 2021இல் திறக்கப்பட்டது. அது நற்பணியே. மேற்குக் கரையிலும் கல்வே சுப்பராயச் செட்டியார் வீதியின் பழைய வீடுகள் செப்பனிடப்பட்டு, 2008இல் யுனெசுகோவின் ஆசிய பசிபிக் விருதுகளுள் ஒன்றைப் பெற்றன. ஆயினும் திண்ணையும் முற்றமும் கொண்ட தமிழர் வீடுகள் பல, பாகப்பிரிவினையாலும் பராமரிப்புச் செலவாலும் இடிபட்டு, அடுக்குமாடிகளுக்கு வழிவிட்டன. அவற்றோடு, வழிப்போக்கர்க்குத் திண்ணையில் இடமளித்த ஒரு வாழ்க்கை முறையும் மறைகிறது.

வாய்க்காலைக் கடக்கச் சில அடிகளே போதும். மேற்குக் கரைக்கும் பயணியர் வந்து, எஞ்சிய திண்ணைகளை விரும்பிக் காணும் நிலை ஏற்பட்டால், அவ்வீட்டாருக்கும் அவற்றைக் காக்கும் ஊக்கம் பிறக்கும். அவ்வழியைக் காட்டும் கடமை தமிழ் கற்றோரைச் சார்ந்தது.