எக் தீவு: ஜனங்கள் கைக்கு வந்த நிலம்

(தொழிலாளர்-விவசாயிகள் அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)

காலடியில் உள்ள மண் இன்னொருவனுக்குச் சொந்தமானால், தலைக்கு மேல் உள்ள கூரையும் நமக்கு நிச்சயமில்லை. இது நாம் பட்டறிந்த உண்மை. இதே உண்மையைப் பட்டறிந்து, அதை மாற்றியும் காட்டிய ஒரு சின்னஞ்சிறு தீவைப் பற்றி இன்று பேசுவோம்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கிறது எக் தீவு. பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர். இன்று அங்கே வாழ்வோர் நூற்றுச் சொச்சம் பேர். ஒரு மில்லின் ஒரு ஷிப்டுக்குக்கூடப் போதாத ஜனத்தொகை! ஆனால் 1841-இல் அங்கே 500 பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள்?

நெப்போலியன் யுத்த காலத்தில், சோப்புக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய காரம் வெளிநாட்டிலிருந்து வருவது தடைப்பட்டது. அந்தக் கடலோரத்துத் தீவு ஜனங்கள் குளிர்ந்த நீரில் இறங்கிக் கடற்பாசியை அறுத்தார்கள். காயவைத்து எரித்துச் சாம்பலாக்கினார்கள். அந்தச் சாம்பலிலிருந்து காரம் கிடைத்தது. பாடுபட்டவனுக்குக் கிடைத்தது சொற்பக் கூலி. கொழுத்த லாபம் நிலப்பிரபுவுக்குப் போயிற்று. யுத்தம் முடிந்தது, சாம்பலின் விலை விழுந்தது. அதுவரை ஆட்கள் வேண்டும் என்ற நிலப்பிரபுக்கள், இனி ஆடுகள் போதும் என்றார்கள். எக் தீவில் 1853-இல் குருலின் கிராமத்திலிருந்து 14 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நிலம் ஆட்டுப் பண்ணைக்குப் போயிற்று. அந்த வீடுகளின் கற்சுவர்கள் இன்றும் கூரையின்றி நிற்கின்றன.

ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை, தோழர்களே! எக் தீவுக்கு வடக்கே உள்ளது ஸ்கை தீவு. அங்கே பிரேஸ் என்ற இடத்துக் குடியானவர்கள், தங்கள் மேய்ச்சல் நிலத்தைத் திருப்பித் தரும்வரை குத்தகை கட்ட மறுத்தார்கள். 1882-இல் அவர்களை அடக்கக் கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீஸார் வந்தார்கள். பெண்கள் முன்வரிசையில் நின்று கல்லால் எதிர்த்தார்கள். இத்தகைய கிளர்ச்சிகளின் விளைவாக 1886-இல் ஒரு சட்டம் வந்தது. சிறு குடியானவனை இஷ்டம்போல் வெளியேற்ற முடியாது. குத்தகை நியாயமாக இருக்க வேண்டும். சாகுபடி உரிமை பிள்ளைகளுக்குச் சேரும். எக் தீவிலும் கிளீடேல் என்ற பகுதிக் குடியானவர்கள் இந்தப் பாதுகாப்பைப் பெற்றார்கள்.

ஆனால் தீவு முழுவதற்கும் சொந்தக்காரன் ஒருவனே என்ற நிலை மாறவில்லை. மாட்டுச் சந்தையில் மாடு கைமாறுவதுபோல் தீவு கைமாறியது. 1975-இல் ஒரு செல்வந்தர் வாங்கினார். 1995-இல் வெளிநாட்டு ஓவியர் ஒருவருக்கு விற்றார். ஜனங்களை யாரும் கேட்கவில்லை. பலருக்கு உறுதியான குத்தகைப் பத்திரம் இல்லை. நாளைக்கு இருப்போமா என்று தெரியாத வீட்டுக்கு எவன் ஓடு மாற்றுவான்? வீடுகள் ஒழுகின, வாலிபர்கள் வெளியேறினார்கள். எஞ்சியவர் சுமார் 65 பேர்.

அந்த 65 பேர் ஒன்று சேர்ந்தார்கள். வட்டார கவுன்சிலையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு ஒரு பொது அறக்கட்டளை அமைத்தார்கள். நாடெங்கும் நிதி திரட்டினார்கள். ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் கொடுத்தார்கள்; பெயர் சொல்ல விரும்பாத ஒரு பெண்மணி பெருந்தொகை தந்தார். 15 லட்சம் பவுண்டுக்குத் தீவு வாங்கப்பட்டது. 1997 ஜூன் 12-இல் எக் ஜனங்கள் அதைக் கொண்டாடினார்கள்.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன. துறையருகே கடையும் தேநீர் விடுதியும் எழுந்தன. அதுவரை மின்சாரத்துக்கு அவரவர் வீட்டு டீசல் எஞ்சினையே நம்பியிருந்தார்கள். 2008-இல் அருவி, காற்று, வெயில் மூன்றிலிருந்தும் தாங்களே மின்சாரம் எடுத்து 24 மணி நேரமும் விளக்கெரிய வைத்தார்கள். ஒரு வீடு ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது அவர்களே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஒருவன் அதிகம் இழுத்தால் எல்லோர் வீடும் இருளும் அல்லவா? பராமரிப்பு வேலையும் தீவுக்காரர்கள் கையில்தான். போன வாலிபர்களில் சிலர் திரும்பினார்கள், புதியவர்களும் குடிவந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வியை நாம் கேட்காமல் விட முடியாது. பாட்டன் பூட்டன் வியர்வை சிந்திய மண்ணுக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? நிலச் சொந்தக்காரன் பணத்தை எண்ணிக்கொண்டு போனான். நஷ்டஈடு கிடைக்க வேண்டிய ஜனங்கள் நன்கொடை கேட்டு நின்றார்கள். 2003-இல் வந்த ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டமும், கிராமத்தார் முன்கூட்டியே பதிவு செய்திருந்தால், நிலம் விற்பனைக்கு வரும்போது வாங்கும் முதல் உரிமையைத்தான் பொதுவாகத் தந்தது. சிறு குடியானவர்களின் சாகுபடி நிலங்கள் நீங்கலாக, மற்ற இடங்களில் விற்க மனமில்லாதவனை அது தொடவில்லை. இன்றும் அந்நாட்டின் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி 500 பேருக்கும் குறைவானவர்களிடம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

ஆகவே எக் தீவின் வெற்றியைப் போற்றுவோம்; அதன் எல்லையையும் மறவாதிருப்போம். நிலம் ஜனங்கள் கைக்கு வந்தால் பாழடைந்த ஊர் பிழைக்கும் என்பதை அந்தத் தீவு நிரூபித்துவிட்டது. விலை கொடுக்க வழியில்லாத கோடிக்கணக்கான உழவர்களுக்கு அந்த நிலம் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு, அறக்கட்டளையைவிட, குத்தகை கட்ட மறுத்து நின்ற பிரேஸ் பெண்களின் ஒற்றுமையே நல்ல பதில்.

65 பேர் ஒன்றுபட்டபோது ஒரு தீவு மீண்டது. நாம் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், தோழர்களே!