பணத்துக்குச் சாதி இல்லையாம்!
(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகமயம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று முப்பது வருசமாகச் சொல்கிறார்கள். பணத்துக்குச் சாதி கிடையாது, கம்ப்யூட்டருக்குத் தீட்டு கிடையாது என்கிறார்கள். சரி, பார்த்துவிடுவோம்.

1990இல் மண்டல் குழுப் பரிந்துரையை அமல்படுத்துவதாக வி.பி. சிங் அறிவித்தார். 1991இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அரசு வேலையில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு, தனியாரிடம் கிடையாது. எந்த வேலை தனியாருக்குப் போனாலும் அதிலிருந்த நம் பங்கும் கூடவே போகிறது. இதற்காக அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் விட்டால் போதும்.

ஒரே ஒரு வேலையில் மட்டும் எவனும் நம்மிடம் தகுதி, திறமை கேட்பதில்லை. அதுதான் மலக்குழி.

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தரச் சொல்லி 2014இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றபாடில்லை.

எந்திரம் இல்லையா? 2018இலேயே திருவனந்தபுரத்தில் ரோபோ சாக்கடைக்குள் இறங்கியது. 2023இல் சந்திரயான் நிலாவில் இறங்கியது. எந்திரத்துக்கு முதல் போடணும். மனுசன் சல்லிசாகக் கிடைக்கிறான். அவனைச் சல்லிசாக்கி வைத்திருப்பது சாதி. செத்தால் நகராட்சி காண்ட்ராக்டரைக் காட்டும். காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவான். மேஸ்திரி, "நான் இறங்கவே சொல்லலியே" என்பான். பழைய சாதியும் புதுப் பணமும் கைகோத்துக்கொள்வது இப்படித்தான்.

"எந்திரம் வந்தா எங்க சோத்துக்கு வழி?" என்று தொழிலாளி கேட்கிறார். நியாயமான கேள்வி. தில்லியில் 2019இல் இந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு முன்னுரிமை தந்து, வங்கிக் கடனோடு 200 எந்திரங்கள் கொடுக்கும் திட்டம் வந்தது. வரவேற்போம். ஆனால் எந்திரம் சொந்தமான பிறகும் சாக்கடை நம் சாதிக்கே எழுதி வைத்ததாக இருந்தால், கடன்தான் புதுசு, தொழில் பழசுதான். சாதி, வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்காகப் பிரித்தது என்று 1936இலேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார்.

படித்து மேலே போனால் தப்பிவிடலாமா? சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானார் என்று கலிபோர்னியா அரசுத் துறையே 2020இல் வழக்குப் போட்டது. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. சாதி பாஸ்போர்ட் எடுத்துக் கடல் தாண்டிவிட்டது தோழர்களே!

ஆகவே தொழில்நுட்பத்தை எதிர்ப்பதல்ல நம் வேலை. அது யார் கையில் என்று கேட்பதுதான் வேலை. தனியார் துறையில் இடஒதுக்கீடு, துப்புரவுப் பணியில் காண்ட்ராக்ட் ஒழிப்பு, எந்திரத்தோடு நிரந்தர வேலை, பிள்ளைகளுக்கு வேறு தொழிலுக்கான படிப்பு. இந்த நான்கையும் சேர்த்தே கேட்போம். ஒன்றைக் கொடுத்து மூன்றைப் பிடுங்க விடக்கூடாது.