ஊமை என்பது யார் குற்றம்?

(ஒரு கிராம வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



காதைப் பற்றியும் அதைப் பற்றிய ஆராய்ச்சியைப் பற்றியும் பேசும்படி எனக்குக் கட்டளை. நான் டாக்டருக்குப் படித்தவனல்ல. டாக்டர்களைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்து கொண்டவன். ஆகவே நான் சொல்லுவதாலேயே நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள்.

முதலில் என் வீட்டுச் சங்கதியையே சொல்லிவிடுகிறேன். என் தம்பி எங்கள் அக்காள் மகளை மணந்தவன். அந்தக் கலியாணத்தைப் புரோகிதர் இல்லாமல் நடத்தினோம் என்பதில் எனக்கு வெகு பெருமை. அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை இரண்டு வயதாகியும் "அம்மா" என்று சொல்லவில்லை. அக்காள் அதன் நாக்கில் வசம்பு தேய்த்தாள். கோவிலுக்கு மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். நான் கேலி செய்தேன். ஆனால் நான் செய்ததென்ன? "நம் தாத்தாவும் ஐந்து வயதில்தான் பேசினாராம், பொறுங்கள்" என்றேன். மணி கட்டினவளுக்கும் பொறுக்கச் சொன்னவனுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் குழந்தையின் காதைச் சோதிக்கவில்லை. மூன்றரை வயதில்தான், அதற்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை என்று டாக்டர் கண்டு சொன்னார்.

தோழர்களே! ஊமை என்று நாம் சொல்லுகிறோமே, அவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஒரு குறையும் கிடையாது. குழந்தை காதால் கேட்டுத்தான் பேசக் கற்கிறது. கேளாத பாஷையை எப்படிப் பேசும்?

உள்காதில் நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வு அவைகளால் மின்சாரச் செய்தியாக மாறி மூளைக்குப் போகிறது. அந்தக் கூட்டுக்குள் ஒலி அலையாக ஓடும் விதத்தைக் கண்ட பெக்கேஷி என்ற ஹங்கேரி தேசத்தவருக்கு 1961ல் நோபல் பரிசு கிடைத்தது. 1978ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர், காது ஒலியை வாங்குவதோடு நில்லாமல், தானும் மெல்லிய ஒலியை வெளிவிடுகிறது என்று நிரூபித்தார். இதனால் என்ன லாபம் என்பீர்கள். தூங்குகிற பச்சைக் குழந்தையின் காதில் ஒரு சிறு கருவியை வைத்துச் சில நிமிஷங்களில் சோதித்துவிடலாம். குழந்தை வாய் திறக்க வேண்டியதில்லை, காதே சொல்லிவிடுகிறது. சந்தேகமிருந்தால் நரம்பின் மின்சாரத்தை அளக்கும் வேறு சோதனையும் உண்டு.

ஒரு மாதத்திற்குள் சோதனை, 3 மாதத்திற்குள் குறையை நிச்சயித்தல், 6 மாதத்திற்குள் சிகிச்சை என்பது நிபுணர்கள் வகுத்த கணக்கு. மூளை பாஷையைப் பிடிக்கும் பருவம் அதுதான். போனால் முழுவதும் திரும்பி வராது.

ஆஸ்திரேலியாவில் கிரேம் கிளார்க் என்பவரின் தகப்பனார் காது மந்தமானவர். அது தகப்பனார் தலைவிதி என்று மகன் சும்மா இருக்கவில்லை. ஆராய்ந்து, 1978ல் ஒருவருடைய உள்காதில் மின்கருவியைப் பொருத்தினார். இன்று நம் நாட்டிலும் அத்தகைய கருவி பொருத்தப்படுகிறது; தமிழ்நாட்டில் அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலம் ஏழைக் குழந்தைகளுக்கும் கிடைக்கிறது. கருவியால் பயன் பெறாதவர்களுக்குச் சைகைப் பாஷை உண்டு; அதுவும் இலக்கணமுள்ள பாஷைதான்.

நிற்க, பிறவிச் செவிடு எதனால் வருகிறது? முன்ஜென்மப் பாவம் என்கிறார்கள். கர்ப்பிணிக்கு வரும் சில நோய்களால் வரலாம், பரம்பரையாகவும் வரலாம். காது கேட்பதற்கு வேண்டிய ஒரு மரபணு கெடுவதே இதற்கு ஒரு முக்கிய காரணமென்று 1997ல் கண்டார்கள். தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால், அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு செவிடாகும் அபாயம் உண்டு. நெருங்கிய உறவினரிடம் ஒரே குறை மறைந்திருப்பது சுலபம். உறவில் மணந்தவர்களுக்கெல்லாம் இப்படியாகும் என்று நான் சொல்லவில்லை. அபாயம் அதிகம் என்றே சொல்லுகிறேன். புரோகிதரை விலக்கிய நான், சொத்தும் உறவும் விட்டுப் போகக் கூடாதென்ற வழக்கத்தை விலக்கவில்லை. அதற்கு அபராதம் கட்டியது ஒரு குழந்தை.

அவள் இன்று கருவியின் உதவியால் பேசப் பழகுகிறாள். சென்ற மாதம் என்னைப் "பெரியப்பா" என்றாள். சந்தோஷத்தைவிட எனக்கு வெட்கமே அதிகம்.

ஆகவே தாய்மார்களே! வசம்பும் வேண்டாம், என்னைப் போன்றவன் சொல்லும் "பொறுங்கள்" என்ற வார்த்தையும் வேண்டாம். பிறந்த மாதத்திலேயே குழந்தையின் காதைச் சோதியுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.